அம்மப்பாவின் பிறப்புப் பதிவைத் தேட எந்த வழி நல்லது?

அம்மாவுக்கு எண்பது கடந்துவிட்டது. போன வருடம் ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, "அப்பா எந்த வருசம் பிறந்தவர் எண்டே எனக்குத் தெரியாது பிள்ளை" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அம்மப்பா காலமானபோது அம்மா இளம் வயது. அதுவரை கேட்கத் தோன்றவில்லை, அதற்குப் பிறகு கேட்க ஆள் இல்லை. வெள்ளவத்தை வீட்டு அலுமாரியில் இருந்த கடதாசிகள் 1983 ஜூலையில் வீட்டோடு எரிந்துபோயின.

அன்றிரவே நான் மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு கிழமையில் கண்டுபிடித்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். எட்டு மாதம் எடுத்தது. அந்த எட்டு மாதத்தில் வெளிநாட்டுத் தளங்கள், அரச பதிவுகள், சுவடிகள் கூடம், நூலகம் இணையத்தளம், சொந்தக்காரரின் வீட்டு அலுமாரிகள் என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தேன். இடையில் கணவரின் பக்கத்துக்கும், அலுவலகத் தோழி ஒருத்தியின் குடும்பத்துக்கும் சேர்த்துத் தேடினேன். எங்களுடையது யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். கணவர் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர். தோழியின் ஆட்கள் மலையகத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள். ஒருவருக்குக் கைகொடுத்த வழி மற்றவருக்குக் கைகொடுக்கவில்லை. கொழும்பிலிருந்து இதே தேடலைத் தொடங்க நினைப்பவர்கள் எதில் தொடங்கலாம், எதற்குக் காசு கொடுக்கலாம், எதை விட்டுவிடலாம் என்று நான் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் பெயர்ப் பிரச்சினை

எந்த வெளிநாட்டுத் தளத்துக்குப் போனாலும் முதல் கேள்வி குடும்பப் பெயர் என்ன என்பதுதான். நாம் தடுக்கி விழுவது அங்கேதான்.

சேர் பொன்னம்பலம் அருணாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1853இல் கொழும்பில் பிறந்தவர். பதிவாளர் நாயகமாக இருந்தவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தி அதன் அறிக்கையை எழுதியவரும் அவர்தான். இந்த நாட்டின் பிறப்பு, இறப்புக் கணக்குகளை ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர். அவருடைய அண்ணன்மார் பொன்னம்பலம் குமாரசுவாமியும் பொன்னம்பலம் இராமநாதனும். தகப்பனார் அருணாசலம் பொன்னம்பலம். கடைசிப் பெயரைக் குடும்பப் பெயராக எடுக்கும் ஒரு தேடுபெட்டிக்கு இந்த நாலு பேரும் நாலு வேறு குடும்பத்தார். பாட்டனின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம் தெரியாததால், தகப்பனையும் மகனையும் அது ஒன்றாகப் பார்க்காது. கொழும்பில் இவ்வளவு பேர்பெற்ற குடும்பத்துக்கே இந்தக் கதி என்றால், கந்தோர் ஒன்றில் கிளாக்கராக இருந்த என் அம்மப்பாவை அது எப்படிக் காட்டும்?

அடுத்தது எழுத்துக்கூட்டல். பழைய பதிவுகளில் பெயரை ஆங்கிலத்தில் எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார். குமாரசுவாமி ஒரு காலத்தில் சி-யில் தொடங்கி இரண்டு ஓ போட்டு வந்தார், பிறகு கே-யில் தொடங்கி யூ போட்டு வந்தார். சின்னத்தம்பி என்ற பெயர் எஸ்ஸிலும் வரும், சி-எச்சிலும் வரும். பிள்ளை பல இடங்களில் 'புல்லே' ஆகிக் கிடக்கிறது. பதிவைப் பார்த்து அட்டவணை செய்தவர் தமிழ் அறியாதவராக இருந்தால் இன்னொரு பிழையும் சேரும். நான் அம்மப்பாவின் பெயருக்குப் பதினொரு எழுத்துக்கூட்டல்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்துத்தான் தேடினேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். எந்தத் தளத்தில் எந்தக் கூட்டலைத் தேடினோம் என்று குறித்து வைக்காவிட்டால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருப்போம். நான் முதல் மாதம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

இலவசமா, சந்தாவா?

வெளிநாட்டுத் தளங்களில் இரண்டு வகை. பேமிலிசேர்ச் இலவசம். அமெரிக்காவின் சால்ட் லேக் சிற்றியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கிறிஸ்தவ சபை அதை நடத்துகிறது. உலகம் முழுக்கப் போய்ப் பதிவுகளை நுண்படச் சுருள்களாக எடுத்து வைத்தவர்கள் அவர்கள். முன்பு அந்தச் சுருள்களை மற்ற ஊர்களுக்கு இரவலாக அனுப்புவார்கள். 2017இல் அதை நிறுத்தினார்கள். சுருள்களைக் கணினிப் படங்களாக மாற்றிவிட்டார்கள். ஒரு கணக்குத் திறந்தால் போதும், காசு கேட்காது.

ஆனால் மூன்று விதமான படங்கள் அங்கே இருப்பதை அறிந்துகொண்டு போக வேண்டும். சிலவற்றுக்குப் பெயர் அட்டவணை உண்டு, பெயரைப் போட்டுத் தேடலாம். சிலவற்றுக்கு அட்டவணை இல்லை. நூற்றுக்கணக்கான பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். இன்னும் சிலவற்றைப் பதிவின் சொந்தக்காரரோடு செய்த உடன்பாடு காரணமாக வீட்டிலிருந்து பார்க்க முடியாது, அவர்களுடைய குடும்ப வரலாற்று நிலையத்துக்கோ இணைந்த நூலகம் ஒன்றுக்கோ போய்த்தான் பார்க்கலாம். படம் இருக்கிறது என்று தெரிந்தும் திறக்க முடியாமல் இருப்பது மனதைச் சோர வைக்கும். தளம் பழுதாகிவிட்டது என்று நினைத்து நான் மூன்று முறை கடவுச்சொல்லை மாற்றினேன். நிபந்தனையைப் படித்திருந்தால் அந்த இரவுகள் மிஞ்சியிருக்கும்.

கொழும்பைப் பொறுத்தவரை அங்கே பெறுமதியானது ஒல்லாந்த சீர்திருத்தத் திருச்சபையின் பதிவுகள். ஞானஸ்நானமும் திருமணமும் பதினேழாம் நூற்றாண்டு வரை பின்னால் போகின்றன. பறங்கியர் குடும்பங்களுக்கு அது பெரிய புதையல். ஒல்லாந்தர் காலத்தில் ஞானஸ்நானம் பெற்ற உள்ளூர்க் குடும்பங்களின் பெயர்களும் கிடைக்கலாம். யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பத்துக்கு அங்கே தேட அதிகம் இல்லை.

சந்தாத் தளங்களில் அன்செஸ்ட்ரி, மைஹெரிடேஜ் போன்றவை எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றின் பலம் பிரித்தானிய, அமெரிக்க, ஐரோப்பியப் பதிவுகளில்தான். உங்கள் பெரியப்பா 1950களில் இலண்டனுக்குக் கப்பலேறியவர் என்றால், கப்பல் பயணிகள் பட்டியலுக்காக ஒரு மாதம் சந்தா கட்டுவதில் நியாயம் உண்டு. கொழும்பில் பிறந்து கொழும்பில் இறந்த ஒரு தமிழரைத் தேட அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நான் ஒரு தளத்தில் இலவச முயற்சிக்கென்று கிரெடிட் கார்ட் இலக்கத்தைக் கொடுத்தேன். நிறுத்த மறந்த இரண்டே நாளில் ஆறு மாதக் காசைப் பிடித்துவிட்டார்கள். டொலரில் போன காசு. கிடைத்ததெல்லாம் யாரோ முன்பின் தெரியாதவர் வரைந்த ஒரு வம்ச மரம். அதில் என் அம்மப்பாவின் பெயரை ஒத்த ஒருவருக்கு அவருடைய மகனைவிட வயது குறைவாகப் போட்டிருந்தது. ஒருவர் விட்ட பிழையை நாற்பது பேர் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள்.

இன்னொன்று. இந்தியாவில் பிரித்தானியர் காலத்துப் பதிவுகள் என்று விளம்பரம் செய்வதை நம்பி இலங்கைத் தமிழர் பலர் உள்ளே போகிறார்கள். இலங்கை 1802 முதல் முடிக்குரிய குடியேற்ற நாடு. இலண்டனில் அதைப் பார்த்தது குடியேற்ற நாடுகள் அலுவலகம், இந்திய அலுவலகம் இல்லை. அதனால் இந்திய அலுவலகப் பதிவுகளில் இலங்கைப் பிறப்புகளைத் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. இலண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் இலங்கை பற்றிய கோப்புகள் நிறைய உண்டு. அவை தேசாதிபதிமார் எழுதிய கடிதங்களும் நிர்வாக விடயங்களும். யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில் பிறந்த ஒரு பிள்ளையின் பெயர் அங்கே போயிருக்காது.

வாழ்ந்துகொண்டிருக்கும் ஆட்களின் பிறந்த திகதி, தாயின் கன்னிப்பெயர் இவற்றை எந்தத் தளத்திலும் ஏற்றாதீர்கள். வங்கிகள் அடையாளம் கேட்கும்போது இவற்றைத்தான் கேட்கின்றன.

அரச பதிவு: இலக்கம் தெரிந்தால் சுலபம்

இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது. 1897இலிருந்து கட்டாயமானது. அதனால் 1897க்குப் பின் பிறந்தவருக்குப் பதிவு இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கலாம். அதற்கு முந்தியவருக்கு இருந்தால் அதிர்ஷ்டம்.

பதிவாளர் நாயகம் திணைக்களம் பத்தரமுல்லையில் இருக்கிறது. கொள்ளுப்பிட்டியிலிருந்து 177 பஸ் எடுத்தால் போய்விடலாம். பிரதிகளுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கவும் வழி உண்டு. 1960க்குப் பிந்திய பதிவுகளைக் கணினியில் ஏற்றி, எந்தப் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கும்படி செய்தது பெரிய உதவி. பருத்தித்துறையில் பிறந்தவர் வெள்ளவத்தையில் இருந்துகொண்டே எடுக்கலாம். அதற்கு முந்தியது என்றால் பதிவு நடந்த மாவட்டம், பதிவுப் பிரிவு எல்லாம் தெரிய வேண்டும். பதிவிலக்கமோ திகதியோ சரியாகக் கொடுத்தால் கட்டணம் குறைவு. தெரியாது, தேடித் தாருங்கள் என்றால் கட்டணம் கூடும். அதுவும் இரண்டு வருடத்துக்கு உட்பட்ட தேடலுக்குத்தான். "1900க்கும் 1910க்கும் இடையில் எப்போதோ" என்று போய் நின்றால் காசும் போகும், நாளும் போகும். நான் அப்படித்தான் ஒரு கந்தோரில் போய் நின்றேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அக்கா, வருசத்தைக் கண்டுபிடிச்சுக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார். அவர் சொன்னது சரிதான். இன்னொரு கந்தோரில் தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்று சிங்களப் படிவத்தை நீட்டினார்கள். தமிழும் அரசகரும மொழி, தமிழில் கேட்பது நமது உரிமை. கேட்டேன், அரை மணி நேரத்தில் ஒன்றைத் தேடி எடுத்துத் தந்தார்கள்.

இந்த வழியில் நான் கண்டுபிடித்த ஒரு நல்ல விடயம் பலருக்குப் பயன்படும். 1951ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்துக்குப் பின் வந்த பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்து விரித்துப் பாருங்கள். தாய் தகப்பனுக்குக் கீழே பாட்டனுக்கு ஒரு கட்டம் இருக்கும். பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதற்கும் கீழே பூட்டனுக்கு ஒரு கட்டம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கேட்ட சட்டம். லட்சக்கணக்கான மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய அதே கேள்வி, நம் எல்லாருடைய பிறப்புப் பத்திரத்திலும் கட்டமாக நின்றுவிட்டது. அந்த வரலாறு கசப்பானது. ஆனாலும் அந்தக் கட்டத்தில் எழுதப்பட்டிருப்பது நமக்கு வேண்டிய தகவல்.

அந்தக் கட்டம் தகப்பன்வழிப் பாட்டனுக்கு மட்டுமே. என் பத்திரத்தில் அப்பப்பாதான் இருக்கிறார். அம்மப்பாவைத் தேட என் பத்திரம் உதவாது, மாமாவின் பிள்ளைகளின் பத்திரம்தான் உதவும். இது எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்குத்தான் தோன்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சுவடிகள் கூடம்

தேசிய சுவடிகள் திணைக்களம் கொழும்பு 7இல், முன்னர் ரீட் அவெனியூ என்று சொன்ன பிலிப் குணவர்த்தன மாவத்தையில் இருக்கிறது. வாசகர் அட்டை எடுக்க வேண்டும். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆவணங்கள் ஆயிரக்கணக்கான தொகுதிகளாக அங்கே உள்ளன. பல நாடுகளில் இருக்கும் அந்தக் கம்பனி ஆவணங்களை யுனெஸ்கோ 2003இல் உலக ஞாபகப் பதிவேட்டில் சேர்த்தது. தோம்பு என்று நாம் இன்றும் சொல்கிறோமே, அந்தத் தோம்புப் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. காணிக்கு ஒன்று, குடும்பத்து ஆட்களுக்கு ஒன்று. ஒல்லாந்த மொழியும் பழைய கையெழுத்தும் படிக்கத் தெரிந்தவர் துணை வேண்டும்.

எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே பயன்படுவது வேறு. 1802 முதல் வந்த அரச வர்த்தமானி, பழைய பத்திரிகைகள், ஆண்டு விவரத் தொகுப்புகள். அம்மப்பா அரச சேவையில் இருந்ததால் நியமனம் ஏதாவது அச்சாகியிருக்கும் என்று இரண்டு நாள் உட்கார்ந்தேன். கிடைக்கவில்லை. ஆனால் காலை ஒன்பதிலிருந்து மூன்று மணிவரை தாள்களைப் புரட்டியதில் 1930களின் கொழும்பு கண்முன்னே வந்தது. கணக்குப் பார்த்தால், ஏற்கெனவே வருடம் தெரிந்தவருக்கு மட்டும் அங்கே போவது பயன் தரும். வருடம் தெரியாமல் போகாதீர்கள்.

கல்வெட்டு

எனக்கு வழி திறந்தது இங்கேதான்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குக் கல்வெட்டு என்றால் என்ன என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் ஒரு சிறு புத்தகம் அச்சிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்போம். முதலில் படம். பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, புலம்பற் பாக்கள், கடைசியில் பல கல்வெட்டுகளில் வம்சாவளி. இன்றைய பேச்சில் நினைவு மலர். இவற்றை யாரும் ஆவணம் என்று எண்ணி வைப்பதில்லை. சுவாமி அறையில் பழைய பஞ்சாங்கங்களோடு கிடக்கும். கறையான் தின்னும், வீடு மாறும்போது குப்பையில் போகும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் எரிந்த பிறகும், போரில் வீடுகள் தரைமட்டமான பிறகும், இந்தச் சிறு புத்தகங்கள் ஒவ்வொரு உறவினர் வீட்டிலும் ஒவ்வொன்றாகத் தப்பிக் கிடந்தன. ஒரே இடத்தில் இல்லாததாலேயே தப்பின.

2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் இவற்றைத் தேடித் தேடி ஸ்கான் செய்து வைத்திருக்கிறது. இலவசம். கணக்கும் திறக்கத் தேவையில்லை. தமிழிலேயே தேடலாம் என்பதுதான் மற்ற எல்லாத் தளங்களிலிருந்தும் அதைப் பிரிக்கிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலோடு மல்லுக்கட்டிய பிறகு ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டித் தேடியபோது எனக்கு மூச்சு வந்தது போலிருந்தது. குறையும் உண்டு. பல புத்தகங்கள் படங்களாக இருப்பதால் உள்ளே உள்ள ஒவ்வொரு பெயரையும் தேடல் எட்டிப் பிடிக்காது. தலைப்பில் இருக்கும் பெயர்தான் முதலில் கிடைக்கும். அதனால் ஆளின் பெயரோடு ஊரையும் போட்டு, ஊருக்குரிய மலர்களை ஒவ்வொன்றாகத் திறந்து கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்.

அம்மப்பாவின் கல்வெட்டு அங்கே இல்லை. ஆனால் அதே ஊர் ஆசிரியர் ஒருவரின் மலர் இருந்தது. கடைசிப் பக்கத்தில் கோடு கோடாகக் கிளை பிரிந்த வம்சாவளி. மூன்றாவது கிளையின் ஓரத்தில் அம்மப்பாவின் பெயர், அவருக்கு மேலே தகப்பன், அவருக்கும் மேலே பாட்டன். அம்மாவின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்துத் திரையைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். அந்த ஆசிரியரின் மகன் தெகிவளையில் இருப்பதாக ஒரு சித்தி சொல்ல, போன் எடுத்தோம். அவருடைய அக்காவிடம் அம்மப்பாவின் கல்வெட்டு ஒன்று இருந்தது. வட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினார்கள்.

பழுப்பேறிய தாள். ஓரத்தில் மஞ்சள் கறை. இரண்டாம் பக்கத்தில், காலமான நாளைச் சொல்லும் திதி வெண்பா. நாலே வரி. அதைப் பலர் அலங்காரம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். அது அலங்காரமில்லை, அதுதான் பதிவு. கீலக ஆண்டு, ஆவணி மாதம், பூர்வபக்கத் தசமி (வளர்பிறைப் பத்தாம் நாள்) என்று சொன்னது அந்த வெண்பா. அறுபது ஆண்டு வட்டத்தில் கீலகம் 1968 சித்திரையில் தொடங்குகிறது. பழைய பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்த்தால் அந்தத் தசமி 1968 செப்டம்பர் தொடக்கத்தில் விழுகிறது. அம்மா ஒவ்வொரு வருடமும் ஆவணித் தசமிக்கு விரதம் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். திதி அவருக்கு மறக்கவே இல்லை, ஆங்கிலத் திகதிதான் அந்த வீட்டில் யாரும் குறித்து வைக்காதது.

மரண அறிவித்தலும் இதே வகைதான். வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கின. அன்னார் இன்னாரின் மகன், இன்னாரின் மருமகன், இன்னாரின் மைத்துனன் என்று உறவு முறைகளை அடுக்கிச் சொல்லும் அந்த நாலு அங்குலப் பத்தியில் ஒரு குடும்பமே நிற்கும். இறந்த திகதி தெரிந்தால் அடுத்த சில நாட்களின் பத்திரிகையைப் பார்த்தால் போதும்.

மற்ற இரண்டு குடும்பங்கள்

கணவரின் பக்கத்துக்கு இணையமே தேவைப்படவில்லை. கத்தோலிக்கக் குடும்பத்துக்கு முதல் இடம் ஞானஸ்நானம் நடந்த கோவிலின் பதிவேடு. பிள்ளையின் பெயர், தாய் தகப்பன், ஞானத்தாய், ஞானத்தகப்பன் எல்லாம் ஒரே வரிசையில். பிற்காலத்தில் அவர் வேறு கோவிலில் கலியாணம் செய்தால் அந்தக் குறிப்பும் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்துக்குத் திரும்பி வரும். அது திருச்சபையின் விதி. ஒரு வரியைக் கண்டுபிடித்தால் இரண்டு கோவில்கள் பிடிபடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு பாதரைப் பிடித்து அவசரப்படுத்தாமல், கிழமை நாளில் பங்குக் காரியாலயத்துக்குப் போய், வருடத்தையும் பெயரையும் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். நாங்கள் கொடுத்து பத்து நாளில் மூன்று தலைமுறை வந்தது.

தோழியின் குடும்பத்துக்கு நிலைமை கடினம். தோட்டத்தில் நடந்த பிறப்புகளைத் தோட்ட நிர்வாகம்தான் அறிவித்தது. பெயரை எழுதியவர் துரை கந்தோரின் ஆள். வயது குத்துமதிப்பு. அவர்களுக்குப் பெறுமதியானவை வீட்டில் உள்ள பிரசாவுரிமைக் கடதாசிகள். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தவர்கள் எத்தனை வருடம் எந்தத் தோட்டத்தில் இருந்தோம் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் வந்த பிறகு அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பிரிக்கப்பட்டபோது இன்னொரு கட்டுக் கடதாசி சேர்ந்தது. இந்தியாவுக்குப் போன கிளையிடமும் கேளுங்கள். தோழியின் பாட்டனுடைய ஊர்ப் பெயர் திருச்சிப் பக்கத்தில் இருக்கும் சித்தப்பா வீட்டில்தான் கிடைத்தது. எந்தத் தளமும் அதைத் தந்திருக்காது.

அப்படியானால் எந்த ஒழுங்கு?

என்னிடம் கேட்டால், முதல் மாதம் ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். பெரியவர்களிடம் போய் இருங்கள். கேள்விப் பட்டியலோடு போகாமல் பழைய படங்களோடு போங்கள். படத்தைக் கண்டால் பேச்சு தானாக வரும். கல்வெட்டு, காணி உறுதி, சாதகக் குறிப்பு, விவாக அழைப்பிதழ் எது இருந்தாலும் போனில் படம் பிடியுங்கள். பழைய காணி உறுதியில் யார் யாருக்கு எப்படி உரித்து வந்தது என்று எழுதியிருக்கும், அதுவும் ஒரு வம்சாவளிதான். அடுத்தது நூலகம் இணையத்தளம். அப்புறம் இறப்புப் பத்திரம். அது 1960க்குப் பிந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம், அதில் வயது இருக்கும். வயதிலிருந்து பிறந்த வருடம் இரண்டு வருட இடைவெளிக்குள் வந்துவிடும். அதன் பிறகுதான் பழைய பிறப்புப் பதிவுக்கு அரசுக்குக் காசு கட்ட வேண்டும். பேமிலிசேர்ச் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இரண்டாம் இடத்தில் வரலாம், மற்றவர்களுக்குக் கடைசியில். சந்தாத் தளம் வெளிநாடு போன ஒருவரைத் தேடும்போது மட்டும், அதுவும் ஒரு மாதத்துக்கு. கந்தோர் வாசலில் நின்று "எடுத்துத் தாறன்" என்பவர்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். திகதி தெரிந்ததால் 1968 இறப்புப் பத்திரம் பிரதேச செயலகத்தில் சுலபமாகக் கிடைத்தது. வயது 64 என்றிருந்தது. அந்த வயதை நம்பலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா, "பெரியண்ணையின்ர மகளிட்டைக் கேள். அவளின்ர பேர்த் சேர்டிபிகேட்டிலை அப்பான்ர பேர் இருக்கத்தானே வேணும்" என்றார். மச்சாள் ரொறொன்ரோவில் இருக்கிறா. 1958இல் பிறந்தவ. அன்றே படம் அனுப்பினா. பாட்டன் கட்டத்தில் அம்மப்பாவின் பெயர், 1904, சுழிபுரம்.

இரண்டும் ஒத்துப்போனதால் துணிந்து விண்ணப்பித்தோம். ஊரில் இருந்து வந்த பதில், அந்த வருடத்துப் பதிவேடு பாவிக்க முடியாதபடி சிதைந்துவிட்டது என்பது. அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். பிறகு ஓய்வுபெற்ற பதிவாளர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, பிறப்புப் பதிவை இரண்டு பிரதியாக எழுதி ஒன்றை மேலே அனுப்பும் வழக்கம் உண்டு என்று. ஊர்ப் பிரதி போனாலும் கொழும்புப் பிரதி இருக்கலாம். மறுபடி விண்ணப்பித்தேன், இந்த முறை வருடத்தையும் பதிவுப் பிரிவையும் தெளிவாக எழுதி, இரண்டாம் பிரதியில் பார்க்கும்படி கேட்டு.

ஏழு கிழமை கழித்து வந்தது. தமிழிலேயே எழுதியிருந்தது. அம்மப்பாவின் பெயர், தகப்பன், தாய், 1904 தை மாதத்து ஒரு திகதி. அம்மா பெயர்களை வாய்விட்டு வாசித்துக்கொண்டு வந்தவர், தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் நின்றுவிட்டார். பிள்ளையின் தாய்மாமன் என்று குறித்து ஒரு பெயர் இருந்தது. அம்மாவுக்கு அந்தப் பெயரே தெரியாது. தன் தகப்பனுக்கு ஒரு தாய்மாமன் இருந்ததையே எண்பது வயதில்தான் அறிந்தார். கடதாசியை மடிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, "அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டா, இவர் எந்தக் கிளையிலை நிக்கிறார் எண்டு பாப்பம்" என்றார்.